பள்ளிக்கூடம் யார் பொறுப்பில்? பினாங்குத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் எந்தத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குப் போனாலும் பாதிக் கேள்விகள் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "இதற்கு யாரைப் பார்ப்பது?" கூரை ஒழுகினாலும் ஆசிரியர் போதவில்லை என்றாலும் மகனுக்குத் தமிழ் வகுப்பு இல்லை என்றாலும் முதலில் தலைமையாசிரியர் மீதுதான் கோபம் வரும். ஆனால் அவர் கையில் இருக்கும் அதிகாரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. யாரிடம் எந்த அதிகாரம் இருக்கிறது என்று தெரியாமல் தவறான கதவைத் தட்டியே பல நல்ல கோரிக்கைகள் வீணாகிப் போகின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் பள்ளி வாரியத்திலும் இருந்த காலத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கல்வி மத்திய அரசின் பொறுப்பா, மாநில அரசின் பொறுப்பா?

மத்திய அரசின் பொறுப்பு. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் அதிகாரங்கள் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. கல்வி மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. நிலம் மாநில அரசின் பட்டியலில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளிகளின் பெரும்பாலான தலைவலிகள் இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் பிறக்கின்றன. பாடத்திட்டம், ஆசிரியர், தேர்வு, பள்ளி உரிமம் எல்லாம் புத்ராஜெயா, அதாவது அங்கிருக்கும் மத்திய கல்வி அமைச்சு. பள்ளி நிற்கும் மண், அதன் பட்டா, நில வகை மாற்றம் எல்லாம் மாநில அரசு. கட்டட வரைபடத்துக்கு ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும்.

தைப்பூசத்தைப் பாருங்கள். அந்த நாளைப் பினாங்கில் பொது விடுமுறை ஆக்குவது மாநிலத்தின் அதிகாரம். ஆனால் பள்ளித் தவணை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று நாட்காட்டி போடுவது கல்வி அமைச்சு. ஒரே பிள்ளையின் ஒரே ஆண்டுக்குள் இரண்டு அரசாங்கங்களின் முடிவுகள் இருக்கின்றன.

அமைச்சர், தலைமை இயக்குநர், மாநில இயக்குநர் என்று பலர் இருக்கிறார்களே. யாருக்கு மேல் யார்?

மேலிருந்து வருவோம். கல்வி அமைச்சர் அரசியல் பொறுப்பில் இருப்பவர், அமைச்சரவைக்கும் நாடாளுமன்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர். 2022 டிசம்பரில் பொறுப்பேற்ற ஃபட்லினா சிடேக் நம் நிபோங் தெபால் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்தான். அமைச்சருக்குக் கீழே இரண்டு பெரிய நாற்காலிகள். ஒன்று தலைமைச் செயலாளர்: பணம், நிர்வாகம், ஊழியர் எண்ணிக்கை எல்லாம் அந்தப் பக்கம். இன்னொன்று கல்வித் தலைமை இயக்குநர்: பாடம், பள்ளி, ஆசிரியர் தொழில் சார்ந்தவை இந்தப் பக்கம். தலைமை இயக்குநர் கல்விச் சேவையிலிருந்தே வளர்ந்து வருபவர்.

அதற்கு அடுத்தது மாநிலக் கல்வி இலாகா, நாம் ஜே.பி.என். என்று சொல்வது. பினாங்கில் அது புக்கிட் கம்பீரில் இருக்கிறது. பெயரில் 'மாநிலம்' இருப்பதால் பலர் அதை மாநில அரசின் அலுவலகம் என்று நினைக்கிறார்கள். இல்லை, அது புத்ராஜெயாவின் கிளை. அதற்கும் கீழே பி.பி.டி. எனப்படும் மாவட்டக் கல்வி அலுவலகங்கள். தீவில் வடகிழக்கு, தென்மேற்கு என இரண்டு. பெருநிலத்தில் செபராங் பிறை வடக்கு, மத்தியம், தெற்கு என மூன்று. கடைசியில் பள்ளி.

அப்படியானால் என் பிள்ளையின் விஷயமாக முதலில் எங்கே போவது?

வகுப்பாசிரியர், பிறகு தலைமையாசிரியர், பிறகு பி.பி.டி., அதற்கு மேல் ஜே.பி.என்., கடைசியில் அமைச்சு. இந்த வரிசையைத் தாண்டிப் போகாதீர்கள். நேராகப் புத்ராஜெயாவுக்கு எழுதினாலும் அந்தக் கடிதம் 'விளக்கம் தேவை' என்று அதே பி.பி.டி. மேசைக்குத்தான் இறங்கி வரும். காலம்தான் வீணாகும்.

வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் வராது. வாட்சாப்பில் அனுப்பியதும் பெரும்பாலும் அப்படித்தான். மலாய் மொழியில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, என்ன நடந்தது, எந்தத் தேதி, நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பது போதும். தலைமையாசிரியர் வழியாக அனுப்புவதாக மேலே குறிப்பிடுங்கள், நகல் யாருக்குப் போகிறது என்று கீழே குறிப்பிடுங்கள். அலுவலகத்தில் கொடுக்கும்போது உங்களிடம் இருக்கும் நகலில் 'பெற்றுக்கொண்டோம்' முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை உள்ள தாளை யாரும் வரவில்லை என்று சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான சட்டம் எது?

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், அதாவது சட்டம் 550. அது நடப்புக்கு வந்தது 1997 டிசம்பர் 31-ஆம் தேதி. அதற்கு முன்பு 1961-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கும் முன்பு 1957-ஆம் ஆண்டுச் சட்டம், 1956-இல் வந்த ரசாக் அறிக்கையின் அடிப்படையில் எழுதப்பட்டது.

1961 சட்டத்தில் 21(2) என்று ஒரு பிரிவு இருந்தது. தகுந்த நேரம் என்று அமைச்சர் கருதினால், ஒரு தமிழ்ப்பள்ளியையோ சீனப்பள்ளியையோ மலாய்வழித் தேசியப் பள்ளியாக மாற்றிவிடும் அதிகாரத்தை அது அவருக்குக் கொடுத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நம் பெரியவர்கள் அந்தப் பிரிவை நினைத்துப் பயந்துகொண்டிருந்தார்கள். 1996 சட்டத்தில் அது இல்லை. தமிழ், சீன ஆரம்பப்பள்ளிகளைக் குறிக்கும் 'தேசிய மாதிரிப் பள்ளி' என்ற வகை சட்டத்திலேயே இருக்கிறது. தேசிய மொழிதான் முதன்மைப் பயிற்றுமொழி என்று சொல்லும் 17-ஆவது பிரிவு, தேசிய மாதிரிப் பள்ளிக்கு விலக்கும் கொடுக்கிறது.

தமிழ்ப்பள்ளி அரசியலமைப்புக்கு எதிரானது என்று வழக்குப் போட்டார்களே, என்ன ஆனது?

தோற்றுப் போனது. 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தமிழ், சீனப் பள்ளிகள் இருப்பது அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கூட்டரசு நீதிமன்றமும் மேற்கொண்டு முறையீடு செய்ய அனுமதி கொடுக்கவில்லை. அரசியலமைப்பின் 152-ஆவது பிரிவு மலாய் மொழியைத் தேசிய மொழி என்கிறது. வேறு எந்த மொழியையும் கற்பதையும் கற்பிப்பதையும் யாரும் தடுக்கக்கூடாது என்றும் அதே பிரிவுதான் சொல்கிறது.

முழு உதவி பெறும் பள்ளி, பகுதி உதவி பெறும் பள்ளி என்கிறார்களே. என்ன வித்தியாசம்?

இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற பல கேள்விகளுக்கான விடையும் இதற்குள்தான் இருக்கிறது.

வித்தியாசம் நிலத்தில் இருக்கிறது. பள்ளி அரசாங்க நிலத்தில் இருந்தால் அது முழு உதவி பெறும் பள்ளி. கட்டடம், பராமரிப்பு எல்லாம் அரசின் கடமை. நிலம் தோட்ட நிறுவனத்துக்கோ கோவிலுக்கோ ஆசிரமத்துக்கோ அறக்கட்டளைக்கோ சொந்தமாக இருந்தால் பகுதி உதவி. இரண்டிலும் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, பாடத்திட்டமும் ஒன்றுதான், மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ற தலா மானியமும் வருகிறது. ஆனால் புதுக் கட்டடம், பெரிய பழுது என்று வரும்போது பாதை பிரிகிறது. தனியார் நிலத்தில் பொதுப்பணம் போட வேண்டுமென்றால் நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும், ஆவணம் வேண்டும்.

இங்கே தமிழ்ப்பள்ளிகள் ரப்பர்த் தோட்டங்களோடும் கோவில்களோடும் வளர்ந்தவை. அதனால் பகுதி உதவிப் பள்ளிகள் நம்மிடையே அதிகம். தோட்டம் விற்கப்பட்டு மேம்பாட்டு நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கும். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் இடிக்கப்பட்டிருக்கும். பள்ளி மட்டும் அங்கேயே நிற்கும், யாருடைய நிலம் என்ற கேள்வியோடு.

பெருநிலத்தில் ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டு வகுப்பறையில் மழை வந்தால் பின்வரிசை மேசைகளை முன்னால் இழுத்துப் போடுவார்கள். தரையில் இரண்டு வாளிகள் எப்போதும் இருக்கும். தலைமையாசிரியை பி.பி.டி.க்கு எழுதினார். பி.பி.டி. மேலே அனுப்பியது. கோப்பு திரும்பி வந்தது, நிலப் பட்டாவின் நகல் இல்லை என்று. பட்டா பழைய நிறுவனத்தின் பெயரில் இருந்தது. புதிய உரிமையாளரிடம் சம்மதக் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. அவர்கள் பள்ளிக்கான நிலத்தைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். ஆனால் அதற்கு நில அலுவலகத்தில் விண்ணப்பம், நில அளவை, மாநில அரசின் ஒப்புதல் என்று தனிப் படிகள். இவ்வளவு நாளும் பெற்றோர் சண்டை போட்டது தலைமையாசிரியையோடு! அவர் நினைத்தாலும் ஒரு கூரைத் தகட்டைக்கூட மாற்றியிருக்க முடியாது. வாரியத்தில் நில விவகாரம் தெரிந்த ஒருவர் சேர்ந்து, பட்டா நகல், படங்கள், குத்தகையாளர் விலைக்குறிப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டி அனுப்பிய பிறகுதான் காரியம் நகர்ந்தது.

ஆகவே உங்கள் பள்ளி எந்த வகை, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை அடுத்த கூட்டத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற எந்தத் தகவலையும்விட இது முக்கியம்.

பள்ளி வாரியம் வேறு, பெற்றோர் ஆசிரியர் சங்கம் வேறா?

ஆமாம், முற்றிலும் வேறு. வாரியம் என்பது உதவி பெறும் பள்ளியின் உரிமையாளர் தரப்பு. கல்விச் சட்டத்தின் கீழ், அதற்கென எழுதப்பட்ட மேலாண்மை ஆவணத்தின்படி அது இயங்குகிறது. நிலம், கட்டடம், பள்ளியின் சொத்து ஆகியவற்றைக் காப்பது அதன் வேலை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் பிள்ளை படிக்கும் வரைக்குமான உறவு. பிள்ளை பள்ளியில் இருந்தால் நீங்கள் உறுப்பினர். 1998-ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் அது கல்வி இலாகாவிடம் பதிவாகிறது. மற்ற சங்கங்களைப் போலச் சங்கப் பதிவகத்தில் அல்ல.

சில பள்ளிகளில் இந்த இரண்டு தரப்புக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. பார்க்க வேதனையாக இருக்கும். வாரியம் நிலத்தைக் கவனிக்காவிட்டால் சங்கம் எவ்வளவு நிதி திரட்டினாலும் நிரந்தரமாக எதுவும் கட்ட முடியாது.

சங்கத்துக்குப் பணம் கட்டாவிட்டால் பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. சங்க நன்கொடையைப் பதிவுக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று அமைச்சு பல முறை அறிவித்திருக்கிறது. பாடநூலையும் பணம் கேட்காமல் கொடுக்க வேண்டும். 1975-இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பாடநூல் இரவல் திட்டம் 2008 முதல் எல்லா மாணவருக்கும் உண்டு. அதே சமயம், முடிந்தவர்கள் நன்கொடை கொடுங்கள். ஆண்டுக் கூட்டத்தில் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். இரண்டுமே நம் கடமை.

தலைமையாசிரியரை நியமிப்பது யார்? பிடிக்கவில்லை என்றால் வாரியம் மாற்ற முடியுமா?

முடியாது. ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள். அவர்களைப் பணியில் அமர்த்துவது கல்விச் சேவை ஆணையம். அரசியலமைப்பின் 141A பிரிவின் கீழ் அமைந்தது. எந்தப் பள்ளிக்கு யார் என்பதை அமைச்சும் கல்வி இலாகாவும் முடிவு செய்கின்றன. இடமாற்றம் வேண்டும் ஆசிரியர் இணையத்தில் விண்ணப்பிக்கிறார். சரி, நம் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது என்றால்? தலைமையாசிரியர் பி.பி.டி.க்குத் தெரிவித்திருக்கிறாரா, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். அவர் தெரிவித்திருந்தால் அவர் வேலை முடிந்தது; அடுத்து பெற்றோர் சங்கம் அதே விஷயமாக ஒரு கடிதம் எழுத வேண்டும். இரண்டு பக்கமிருந்தும் கடிதம் போனால் கவனம் கிடைக்கிறது, நான் கண்டிருக்கிறேன்.

பாடத்திட்டத்தை யார் முடிவு செய்கிறார்கள்? பெற்றோருக்கு அதில் வாய்ப்பே இல்லையா?

அமைச்சின் பாடத்திட்ட மேம்பாட்டுப் பிரிவு முடிவு செய்கிறது. தேசியப் பள்ளிக்கும் சீனப்பள்ளிக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் ஒரே தேசியப் பாடத்திட்டம், மொழி மட்டும் வேறு. இப்போதுள்ள ஆரம்பப்பள்ளிக் கலைத்திட்டம் 2011-இல் முதலாம் ஆண்டில் தொடங்கியது, இடைநிலைப்பள்ளிக்கானது 2017-இல்.

வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2019-இல் நான்காம் ஆண்டு தேசிய மொழிப் பாடநூலில் ஜாவி வனப்பெழுத்துப் பக்கங்கள் சேர்க்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. நாடு முழுவதும் தமிழ், சீனப் பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பக்கங்கள் குறைக்கப்பட்டன. தமிழ், சீனப் பள்ளிகளில் பெற்றோர் தரப்பு ஒப்புக்கொண்டால்தான் நடத்தலாம் என்று அமைச்சரவை முடிவு செய்தது. புத்ராஜெயாவின் ஒரு பாடநூல் முடிவு பள்ளி மட்டத்துச் சங்கத்தின் கைக்கு வந்து சேர்ந்தது. செயல்படாத சங்கம் இருந்த பள்ளிகளில் அந்த நேரத்தில் என்ன குழப்பம் என்று யோசித்துப் பாருங்கள்.

இருமொழிப் பாடத் திட்டமும் அப்படித்தான். 2016 முதல், கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்த விரும்பும் பள்ளி விண்ணப்பிக்கலாம். பெற்றோரின் ஆதரவு அதற்கு ஒரு நிபந்தனை. தமிழ்ப்பள்ளியில் இந்தப் பாடங்கள் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தமிழில் அறிவியல் படிக்கும் இடம் இந்த நாட்டில் நமக்கு அந்த ஆறு ஆண்டுகள் மட்டுமே. ஆனால் வேறு கருத்துள்ள பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களும் கூட்டத்துக்கு வந்து பேச வேண்டும்.

முதலாம் ஆண்டுப் பதிவு எப்படி?

அமைச்சின் இணையத் தளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும், பிறகு பள்ளியில் ஆவணங்களைக் காட்டி உறுதி செய்ய வேண்டும். பிறப்புப் பத்திரம், பிள்ளையின் மைகிட் அடையாள அட்டை, பெற்றோரின் அடையாள அட்டை, வீட்டு முகவரிக்கான மின்சார அல்லது தண்ணீர் பில் ஆகியவற்றின் நகல்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இணையம் கைகொடுக்காவிட்டால் பள்ளி அலுவலகத்துக்கே போங்கள், உதவி செய்வார்கள். கடைசி நேரம் வரை விடாதீர்கள். எத்தனை பிள்ளைகள் பதிந்திருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் வகுப்பும் ஆசிரியரும் திட்டமிடப்படுகிறார்கள்.

ஆரம்பக் கல்வி 2003 முதல் கட்டாயம். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை மக்களவை 2025-இல் நிறைவேற்றியது.

பிள்ளைக்குக் குடியுரிமை ஆவணம் இல்லை. பள்ளியில் சேர்ப்பார்களா?

இந்தக் கேள்வியைத் தாய்மார்கள் கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, தனியாக வந்து மெதுவாகக் கேட்பார்கள். பெற்றோரின் திருமணம் பதிவாகவில்லை, பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகன் அல்லாதவர்' என்று இருக்கிறது, தத்தெடுத்த பிள்ளை என்று பல காரணங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டாம்.

பெற்றோரில் ஒருவராவது மலேசியக் குடிமக்களாக இருந்தால், ஆவணத்துக்கான முயற்சி நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளையைச் சேர்க்க வழி உண்டு. 2019 முதல் இந்த நடைமுறை எளிதாக்கப்பட்டது. பள்ளி வழியாக பி.பி.டி.யிடம் விண்ணப்பியுங்கள்; பதிவிலாகாவில் விண்ணப்பித்ததற்கான சான்று, பெற்றோரின் அடையாள அட்டை, மருத்துவமனைப் பிறப்புக் குறிப்பு என இருப்பதையெல்லாம் கொண்டு போங்கள். முகப்பில் ஒருவர் முடியாது என்றால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அந்தப் பிள்ளை வீட்டில் உட்காரும் ஒவ்வொரு மாதமும் ஈடுகட்ட முடியாதது.

என் பிள்ளை தேசியப் பள்ளியில் படிக்கிறாள். அங்கே தமிழ் கற்க முடியுமா?

முடியும், அது சலுகை அல்ல, சட்டத்தில் எழுதப்பட்டது. 1996 கல்விச் சட்டம் தேசியப் பள்ளிக்கு விளக்கம் கொடுக்கும் இடத்திலேயே, குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் அல்லது சீன மொழி கற்பிக்க வசதி செய்யப்பட வேண்டும் என்கிறது. தேசிய இடைநிலைப்பள்ளிக்கும் இதே விதி. நாம் பி.ஓ.எல். வகுப்பு என்று சொல்வது இதைத்தான்.

பதினைந்து என்பது ஒரு வகுப்புக்கு அல்ல, பள்ளி முழுவதற்கும். இதைத் தெரியாமல்தான் பலர் 'எங்கள் வகுப்பில் ஆறு பேர்தானே' என்று விட்டுவிடுகிறார்கள். ஆண்டு ஒன்றிலிருந்து ஆறு வரை எண்ணுங்கள். பெயர்ப் பட்டியல் போடுங்கள்: மாணவர் பெயர், வகுப்பு, பெற்றோர் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. பட்டியலைக் கடிதத்தோடு இணைத்துத் தலைமையாசிரியரிடம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். பதினைந்தோடு நிறுத்தாமல் இருபது பெயர் வரை சேருங்கள். இருவர் பள்ளி மாறினாலும் பட்டியல் நிற்கும்.

'ஆசிரியர் இல்லை' என்ற பதில் வரும். அந்தப் பதிலைப் பள்ளியோடு விடாமல் பி.பி.டி.க்குக் கொண்டு போங்கள், ஏனென்றால் ஆசிரியரைத் தருவது பள்ளியின் வேலை அல்ல. வகுப்பு பள்ளி நேரத்துக்குப் பிறகு வைக்கப்பட்டால், பேருந்து வசதி இல்லாத பிள்ளைகள் மெல்ல நின்றுவிடுவார்கள். அட்டவணைக்குள் சேர்க்க முடியுமா என்று முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

புகுமுக வகுப்பு என்றால் என்ன? எல்லாரும் போக வேண்டுமா?

தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்கள் இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு தேசிய மொழியை வலுப்படுத்த வைக்கப்பட்ட வகுப்பு. தேசிய மொழியில் குறைந்தபட்ச அடைவு இருந்தால் நேராக முதலாம் படிவம் போகலாம். ஐந்தாம், ஆறாம் ஆண்டில் கவனித்துக்கொண்டால் இந்த ஓராண்டைத் தவிர்க்கலாம்.

யு.பி.எஸ்.ஆர். இல்லை, பி.டி.3 இல்லை. பிள்ளையின் நிலை எப்படித் தெரியும்?

ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நிறுத்தப்பட்டது, மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3 2022-இல். அந்த இடத்தில் வகுப்பறை மதிப்பீடும் நான்காம் ஆண்டு முதல் ஆண்டிறுதிச் சோதனையும் வந்தன. மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலைகள். மூன்றாம் நிலை என்றால் குறைந்தபட்சம் எட்டப்பட்டது என்று பொருள். அறிக்கை அட்டை நாளில் ஆசிரியரிடம், 'எந்தத் திறனில் பின்தங்கியிருக்கிறான்?' என்று குறிப்பாகக் கேளுங்கள். ஐந்தாம் படிவத்தில் தேசிய அளவிலான எஸ்.பி.எம். தேர்வை அமைச்சின் தேர்வு வாரியம் நடத்துகிறது; ஆறாம் படிவத்தின் எஸ்.டி.பி.எம். தேர்வை மலேசியத் தேர்வு மன்றம் நடத்துகிறது.

தமிழ் இடைநிலைப்பள்ளி ஏன் இல்லை?

1957-க்குப் பிறகு அமைந்த கல்விக் கொள்கையில் தமிழ்வழிக் கல்வி ஆரம்பப்பள்ளியோடு நின்றுவிட்டது. 1961 சட்டம் அரசின் உதவி பெறும் இடைநிலைப்பள்ளிகளை மலாய், ஆங்கிலப் பயிற்றுமொழிகளின் பக்கம் திருப்பியது. சீனச் சமூகம் சொந்தப் பணத்தில் தனியார் இடைநிலைப்பள்ளிகளைக் காப்பாற்றிக்கொண்டது. தோட்டக் கூலியில் வாழ்ந்த நம் சமூகத்துக்கு அந்த வசதி அன்று இல்லை.

பினாங்கு மாநில அரசு ஒரு தமிழ் இடைநிலைப்பள்ளிக்கு முயற்சி எடுத்தது, நிலம் தரவும் முன்வந்தது. மத்திய அரசின் ஒப்புதல் கிடைக்கவில்லை. இந்தப் பக்கத்தின் முதல் பதிலை இங்கே நினைத்துப் பாருங்கள். நிலம் கொடுக்கும் அதிகாரம் ஓரிடத்தில், உரிமம் கொடுக்கும் அதிகாரம் வேறிடத்தில். இந்த மாநிலத்தில்தான், 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில், நாட்டின் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியது. அந்த மண்ணில் ஒரு தமிழ் இடைநிலைப்பள்ளி கேட்பது நியாயமான கோரிக்கை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாணவர் எண்ணிக்கை குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்களா?

150 பேருக்குக் குறைவாக இருந்தால் அது 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்தப்படுகிறது. அதனால் மட்டும் மூடுவதில்லை. ஆனால் எண்ணிக்கை பத்து, பன்னிரண்டு என்று இறங்கும்போது இரண்டு ஆண்டுகளை ஒரே வகுப்பில் உட்கார வைப்பது போன்றவை வரும். அப்போது வாரியம் செய்யக்கூடிய நல்ல காரியம், பள்ளியின் உரிமத்தோடு இந்தியர்கள் குடியேறியிருக்கும் வீடமைப்புப் பகுதிக்கு இடம்பெயர விண்ணப்பிப்பது. பழைய தோட்டத்தில் பிள்ளையே இல்லை, புதிய தாமானில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள், பக்கத்தில் தமிழ்ப்பள்ளி இல்லை: இந்த நிலைமை பெருநிலத்தில் சாதாரணம். நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்று இருபதுக்குச் சற்று மேல். பினாங்கில் 28. உரிமம் ஒருமுறை போனால் புதிதாக வாங்குவது மிகக் கடினம் என்பதால், காலியாகும் பள்ளியை மூட விடாமல் இடம்பெயர்ப்பதில்தான் நம் முழுக் கவனமும் இருக்க வேண்டும்.

பாலர் பள்ளியும் இதே அமைச்சின் கீழா?

பாதி. பாலர் பள்ளி கல்வி அமைச்சிடம் பதிவாகிறது. நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் பராமரிப்பு மையம் சமூக நல இலாகாவிடம். கெமாஸ் பாலர் வகுப்புகள் புறநகர் மேம்பாட்டு அமைச்சைச் சேர்ந்தவை. சேர்க்கும் முன் பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி மத்திய வரவு செலவுத் திட்டத்திலிருந்து. 2025-க்குக் கல்வி அமைச்சுக்கு ஒதுக்கியது 6,410 கோடி ரிங்கிட். எல்லா அமைச்சுகளிலும் இதுதான் பெரியது. அதில் சம்பளமே பெரும்பங்கு. பினாங்கு மாநில அரசுக்குக் கல்வியில் அதிகாரம் இல்லையென்றாலும், 2008-க்குப் பிறகு தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு கொடுத்து வருகிறது. மாணவருக்கு நேரடியாக வருவது 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவி. 2023 முதல் வருமானம் பார்க்காமல் எல்லாருக்கும்.

பல்கலைக்கழகம்?

அது உயர்கல்வி அமைச்சு, வேறு அமைச்சர். 2004-இல் தனியாகப் பிரிந்தது, பிறகு இரண்டு முறை சேர்ந்து பிரிந்தது, 2020 முதல் மீண்டும் தனி. பல்கலைக்கழக விண்ணப்பச் சிக்கலைப் பள்ளியிடமோ ஜே.பி.என்.னிடமோ கொண்டு போய்ப் பயனில்லை.

எல்லா இடத்திலும் எழுதிவிட்டோம், பதிலே இல்லை. இனி?

முதலில், அமைச்சின் பொதுப் புகார் இணைய முறையில் பதியுங்கள். எண் கிடைக்கும், அதை வைத்துத் தொடரலாம். அடுத்து மக்கள் பிரதிநிதி. இங்கேதான் நம்மவர்கள் வழக்கமாகச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போகிறார்கள், பக்கத்தில் இருப்பதால். நிலம், வடிகால், பள்ளி முன்னால் சாலை, மாநில ஒதுக்கீடு என்றால் அவர்தான் சரியான ஆள். ஆசிரியர் பற்றாக்குறை, கட்டட நிதி, பி.ஓ.எல். வகுப்பு, உரிமம் இடமாற்றம் என்றால் நாடாளுமன்ற உறுப்பினரைப் பாருங்கள். அவர் மக்களவையில் எழுத்து வழிக் கேள்வி போட்டால் அமைச்சு எழுத்தில் பதில் தர வேண்டும், அது அவைக் குறிப்பில் ஏறும். எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள். முத்திரை வாங்கிய கடிதங்களின் நகல்களைத் தேதி வரிசையில் கட்டி, முதல் பக்கத்தில் பள்ளியின் பெயர், பள்ளிக் குறியீட்டு எண், உதவி வகை, நில நிலவரம், கேட்பது என்ன என்று ஐந்து வரி எழுதிக் கொடுங்கள். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் கேள்விகளை முன்கூட்டியே பதிவு செய்துவிடுவார்கள்.